எத்தனாம் நம்பர் நூல்?

தோலை எனக்குத் தெரியும்.
ராணிப்பேட்டை கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம்
செக்கிங் மேசையில் நின்றவள்.
விரல் வைத்து அழுத்தினால் போதும்,
வயிற்றுத் தோலா முதுகுத் தோலா
சொல்லிவிடுவேன்.
தொளதொளவென்று சுருக்கம் விழுந்தால்
வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம்,
அப்புறம் கழிவுக் கூடை.
மாட்டுக்கு வயசென்ன என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

சத்துவாச்சாரியில், டயர் கடைக்கு மேல்மாடி.
கண்ணாடிக் கதவு, சில்லென்ற ஏசி.
"பிளாரன்ஸ் தனகோடி, அம்பத்தி மூணு!"
காத்திருந்த நாலு பேருக்கும் கேட்கக்
கூப்பிட்டாள் நர்ஸ்.
"பொண்ணுக்குக் கல்யாணமாம்மா?"
எனக்குப் பொண்ணில்லை.
"பின்ன யாருக்காக?"
சீட்டெடுத்த பணம் நாற்பதாயிரம்
மடியில் கைப்பைக்குள் இருந்தது.
அதைத் தடவிக்கொண்டேன்.

டாக்டர் நவ்ஷீன் என் கன்னத்தைப் பிடித்துக்
காதுப்பக்கமாய் இழுத்துப் பார்த்தார்.
எனக்குப் பழகின இழுப்பு.
அச்சுக்கட்டை மேல் தோலைப் போர்த்தி
லாஸ்டிங் மிஷின் இப்படித்தான் இழுக்கும்.
வெள்ளைப் பென்சிலால் கோடு,
நெற்றியோரம் தொடங்கி வாயோரம் வரைக்கும்.
மரத்துப்போக ஊசி.
பிறகு நூல்.
"நூல்ல சின்னச் சின்ன முள்ளு இருக்கும்,
உள்ள சதையைக் கவ்விக்கும்.
ஆறேழு மாசத்துல தானா கரைஞ்சிடும்."
"எத்தனாம் நம்பர் நூல்?" என்றேன்.
மாஸ்க்குக்கு மேல் அவர் கண் சிரித்தது.
வலி இல்லை. சத்தம்தான்,
என் தலைக்குள்ளேயே
எனக்கு மட்டும் கேட்ட சரசரப்பு.
பக்கத்துக்கு நாலு. மொத்தம் எட்டு.

இரண்டு வாரம் வாயை அகலத் திறக்கக் கூடாது.
குப்புறப் படுக்கக் கூடாது. கொட்டாவி கூடாது.
கூழ், ரசம் சோறு, பிசைந்த வாழைப்பழம்.
கீழ்வீட்டு ஆம்பூர்க்காரர்கள்
பிரியாணிக்குத் தம் போட்ட ஞாயிறு
மேலே நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.
ஆனால் கண்ணாடியில்,
பொய் சொல்ல மாட்டேன்,
பல் துலக்கப் போனவள்
அன்றைக்கு கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அம்மூரிலிருந்து போன்.
அஞ்சலாட்சி.
பக்கத்து மேசை. பதினாறு வருஷம்.
டிபன் பாக்ஸ் மூடியை
எனக்குத் தட்டாய் நீட்டியவள்.
நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏறி
ஆஸ்பத்திரிக்கு வந்து சேராதவள்.

பறை ஓய்ந்த இடைவெளியில்
பெண்கள் தோள் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
எனக்கும் இடம் விட்டார்கள்.
உதடு பிரியாமல் அழுதேன்.
கண் ஒழுகிற்று,
முகம் இஸ்திரி போட்டது போல் நின்றது.
"கூட வேலை செஞ்சவளாம், பாரேன்,
மூஞ்சி கொஞ்சமாச்சும் கோணுதா?"
யாரோ. காதில் விழுந்தது.

அதற்காக இல்லை.
அவளைத் தூக்கும்போது
பாதத்தைப் பார்த்துவிட்டேன்.
எந்தெந்த ஊருக்கோ போகிற ஷூவெல்லாம்
அவள் கை பட்டது.
குதிகால் முழுக்க வெடிப்பு.

அலறினேன்.
இடது கன்னத்துக்குள் டப்பென்று
ஏதோ கழன்றது.
மறுபடியும் அலறினேன்.

இப்போது வலது மேலே, இடது பழையபடி.
"ஒரு நூல்தானே, காசு வேணாம், வாங்க"
என்றார் டாக்டர்.
வர்றேன் என்றேன். இன்னும் போகவில்லை.
மேசைக்கு வருகிற ஷூக்களை
வழக்கம்போல் சேர்த்துப் பிடிக்கிறேன்.
மயிரிழை வித்தியாசம் இருந்தாலும்
ஜோடி சேரவில்லை, தள்ளு.

பக்கத்து மேசைக்குப் புதுசாய் ஒரு பெண்.
சாப்பாட்டு மணியடித்ததும்
மூடியில் சோறு வைத்து நீட்டினேன்.
என் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசுவதென்று
தெரியாமல்
கத்தரிக்காய் குழம்பைப் பார்த்து
"தேங்க்ஸ்க்கா" என்றாள்.